ஹிஜாமா: நபிமொழி சொல்வதும் நம் நூல்கள் சொல்வதும்

ஹிஜாமா பற்றித் தமிழில் வெளிவரும் சிறு நூல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதற் சில பக்கங்களில் நபிமொழிகள். அடுத்து மனித முதுகின் படமும் அதன்மேல் எண்ணிட்ட புள்ளிகளும். பின்னர்த் தலைவலி முதல் மலட்டுத்தன்மை வரை நீளும் நோய்ப் பட்டியல். இறுதியாக, அறிவியல் நிரூபித்துவிட்டது என முழங்கும் ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயத்தில் மூன்று கூற்றுகள் தவறாமல் இடம்பெறும். ஹிஜாமா உடலில் தேங்கிய கெட்ட இரத்தத்தை வெளியேற்றுகிறது, இரத்த ஓட்டத்தைச் சீராக்குகிறது, அழற்சியை வேரறுக்கிறது. பள்ளிவாசல் வாயில்களிலும் மார்க்கக் கூட்டங்களிலும் விற்கப்படும் இத்தகைய நூல்களை நாமும் பல ஆண்டுகளாக வாங்கிப் படித்து வந்திருக்கிறோம். அவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்னும் எண்ணம் நெடுநாளாக இருந்தும், ஒரு நிகழ்ச்சியே எம்மை எழுத வைத்தது.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தை, நீரிழிவுக்காகப் பல்லாண்டுகள் உட்கொண்டு வந்த மாத்திரைகளை, இத்தகைய நூல் ஒன்றைப் படித்த பின் நிறுத்திவிட்டு, விடுமுறை நாளொன்றில் நடந்த முகாமில் ஹிஜாமா செய்துகொண்டார். கீறிய இடங்கள் ஆறாமல் சீழ் பிடித்தன. மருத்துவமனையில் நலம் விசாரிக்கச் சென்றபோது அவர் எம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், ஹதீஸில் வந்தது எப்படிப் பலிக்காமல் போகும்? என் ஈமானில்தான் குறையோ?" இறையருளால் அவருடைய புண் ஆறிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை கூறும் கடமை, ஹதீஸ் கற்பிக்கும் எம்போன்றோர்மீது எஞ்சி நிற்கிறது.

ஹிஜாமாவை மறுப்பது நம் நோக்கமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டார்கள். அதைப் புகழ்ந்து கூறினார்கள். இவை ஸஹீஹான அறிவிப்புகளால் நிலைபெற்றவை. நாம் ஆராய்வது, அந்த நபிமொழிகளைத் தம் கூற்றுகளுக்குச் சான்றாக்கும் நூல்களை. அவை நபிமொழியை எவ்வாறு படிக்கின்றன, அறிவியலை எவ்வாறு படிக்கின்றன என்பதே கேள்வி.

நபிமொழிகளில் உள்ளது

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் மருத்துவ நூற்பகுதியில் இது தொடர்பான அறிவிப்புகளைப் பல பாடங்களாகப் பிரித்துத் தந்திருக்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு, தேன் அருந்துதல், ஹிஜாமாவின் கீறல், தீயால் சூடிடுதல் ஆகிய மூன்றில் நிவாரணம் உண்டென்கிறது. கூடவே, சூடிடுதலை நபியவர்கள் தடுத்ததையும் சொல்கிறது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்போ நிபந்தனைச் சொல்லோடு தொடங்குகிறது. மருந்துகளில் நன்மை ஏதும் இருக்குமானால் என்பது அதன் வாசகப் போக்கு; நோய்க்குப் பொருந்துதல் என்னும் நிபந்தனையும் அதில் உண்டு. அரபு இலக்கணம் கற்ற மாணவன் 'இன்' என்னும் நிபந்தனை இடைச்சொல்லைக் கண்டதும் நின்று பார்ப்பான். நம் சிறு நூல்களின் மொழிபெயர்ப்பில் இந்த நிபந்தனை பெரும்பாலும் காணாமற் போய்விடுகிறது. நோய்க்குப் பொருந்துதல் என்பது விழுந்துவிட்டால், எந்த நோய்க்கும் எந்த உடலுக்கும் என்றாகிவிடுகிறது.

நபியவர்கள் எப்போதெல்லாம் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்பதைத் தொகுத்துப் பார்த்தால் மேலும் ஒன்று தெளிவாகிறது. இஹ்ராம் நிலையில், மக்கா செல்லும் வழியில் லஹ்யு ஜமல் என்னுமிடத்தில், தலைவலியின் காரணமாகத் தலையின் நடுவில் செய்துகொண்டார்கள். காலில் ஏற்பட்ட வலிக்காகப் புறங்காலிலும், அடிபட்ட நோவுக்காக இடுப்பிலும் செய்துகொண்டதாக அபூதாவூத் முதலான தொகுப்புகளில் வருகிறது. தலைவலி என்று முறையிட்டவர்களுக்கு அதனைப் பரிந்துரைத்ததாகவும் வருகிறது. இவை யாவற்றிலும் குறிப்பிட்ட நோவும் குறிப்பிட்ட இடமும் இருக்கின்றன. சிறுநீரகச் செயலிழப்பும் நீரிழிவும் புற்றுநோயும் அடங்கிய பட்டியல் எந்த அறிவிப்பிலும் இல்லை.

பிறை 17, 19, 21 ஆகிய நாள்களைக் குறிக்கும் அறிவிப்புகளைப் பற்றி ஹதீஸ்கலை வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் எந்நேரத்தில் ஹிஜாமா செய்வது என ஒரு பாடம் அமைத்து, அபூமூஸா (ரலி) அவர்கள் இரவில் செய்துகொண்டதை அதன் தலைப்பிலேயே சேர்த்தார்கள். நாள் குறிக்கும் அறிவிப்பு எதுவும் அப்பெருந்தகையின் நிபந்தனைக்கு எட்டவில்லை என்பதற்கு அது குறிப்பென ஃபத்ஹுல் பாரீயில் இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) விளக்குகிறார்கள். அந்நாள்களில் செய்வது எல்லா நோய்க்கும் நிவாரணம் என வரும் அறிவிப்பை ஏற்ற உரையாசிரியர்களும், இரத்த மிகுதியால் உண்டாகும் எல்லா நோய்க்கும் என்று அதை வரையறுத்தே பொருள் கொண்டார்கள். இன்றைய நூல்களோ அவ்வறிவிப்பை வரையறையின்றி எடுத்துக்கொண்டு, நிலவின் ஈர்ப்பு கடலைப் பொங்கச் செய்வதுபோல் இரத்தத்தையும் பொங்கச் செய்கிறது என்று காரணம் வேறு கற்பிக்கின்றன. கடலில் ஓதம் எழுவது, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே நிலவின் ஈர்ப்பில் உள்ள வேறுபாட்டால். ஆறடி மனித உடலில் அவ்வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்க அளவுக்கு இல்லை. நபிமொழிக்கு இந்தக் காரணம் தேவையுமில்லை. அது நிலைக்கவும் போவதில்லை.

முன்னோர் கையாண்ட விதம்

நம் நூல்கள் மிகுதியும் சார்ந்திருப்பது இப்னுல் கையிம் அல்ஜவ்ஸிய்யா (ரஹ்) அவர்களின் 'அத்திப்புன் நபவீ'யை. ஸாதுல் மஆத் என்னும் பெருநூலின் ஒரு பகுதியே தனிநூலாக இப்பெயரில் வழங்குகிறது. கி.பி. 1350இல் மறைந்த அந்த அறிஞர் தம் காலத்து மருத்துவத்தை ஆழ்ந்து கற்றவர். நரம்பைத் திறந்து இரத்தம் எடுக்கும் ஃபஸ்துக்கும், தோலைக் கீறி உறிஞ்சும் ஹிஜாமாவுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நுணுகி விளக்குகிறார். வெப்ப நாடுகளில் இரத்தம் நீர்த்து உடலின் மேற்பரப்பை நாடுகிறது. ஆதலால் அங்கே ஹிஜாமாவே சிறந்தது. குளிர் நாட்டார்க்கு ஃபஸ்து பொருந்தும் என்பது அவர் கருத்து. ஹிஜாமாவைச் சிறந்த மருத்துவமெனக் கூறும் நபிமொழி ஹிஜாஸ் மக்களையும் வெப்ப நாட்டாரையும் நோக்கியது என்றே அவர் பொருள் கொள்கிறார். நாற்பது வயதைக் கடந்தவர் ஹிஜாமா செய்துகொள்ளலாகாது என இப்னு ஸீரீன் (ரஹ்) கூறியதை இமாம் தபரீ (ரஹ்) வழியாக இப்னு ஹஜர் பதிவு செய்கிறார்கள். வயது ஏற ஏற உடல் வலிமை குறைவதை அதற்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். நாடும் பருவமும் வயதும் உடல்வாகும் பார்த்தே அவர்கள் நபிமொழியைச் செயலுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களின் உடலியல் பழையதாகியிருக்கலாம். பொருத்தம் பார்க்கும் அவர்களின் ஒழுங்கு பழையதாகவில்லை.

இதற்கப்பால் ஒரு தரப்பு இருந்ததையும் நம் நூல்கள் சொல்வதில்லை. இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதிய முகத்திமாவில், நபியவர்கள் மார்க்கத்தைக் கற்பிக்க அனுப்பப்பட்டார்களேயன்றி மருத்துவம் கற்பிக்க அன்று என்றும், அறிவிப்புகளில் வரும் மருத்துவம் அரபியரின் வழக்கைச் சார்ந்தது என்றும் கூறினார். பேரீச்ச மரத்து மகரந்தச் சேர்க்கை பற்றிய நபிமொழியை அவர் அதற்குச் சான்றாக்கினார். நம்பிக்கையோடும் பரக்கத்தை நாடியும் செய்பவருக்குப் பயன் உண்டாகலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. 1762இல் மறைந்த டில்லி ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களும் ஹுஜ்ஜத்துல்லாஹில் பாலிகாவில், தூதுத்துவத்தை எத்திவைக்கும் வகையைச் சேராத நபிமொழிகளில் மருத்துவத்தை வைத்தார்கள். இப்னுல் கையிம் இவ்வாறு கருதவில்லை. நபி மருத்துவத்துக்கு வஹீயின் உறுதி உண்டென்றே அவர் வாதிட்டார். இரு கருத்துக்கும் நம் மரபில் இடமுண்டு. ஒன்றை மட்டும் அச்சிட்டு மற்றதைக் கூறுபவனின் ஈமானை ஐயுறுவது நூலாசிரியர்க்கு அழகன்று.

இரத்த ஓட்டம் என்னும் வாதம்

இனி அறிவியல் அத்தியாயத்துக்கு வருவோம். தோள்பட்டைகளுக்கு இடையே கெட்ட இரத்தம் வந்து தேங்குகிறது என்பது இந்நூல்களின் அடிப்படைக் கூற்று. நம் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒருவர் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே ஓய்வில் இருக்கும்போதே ஒரு நிமிட அளவில் இரத்தம் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடுகிறது. முதுகுத் தோலின் நுண்குழாய்களில் உள்ள இரத்தமும் அந்தச் சுற்றைச் சேர்ந்ததே. ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் அகற்றுகின்றன. குப்பியில் கருஞ்சிவப்பாய்க் கூழ்போல் உறைவதைக் காட்டிக் கழிவு என்கிறார்கள். உடலைவிட்டு வெளிவந்த எந்த இரத்தமும் உறையும். உயிர்வளி குறைந்தால் கருக்கும். நலமுள்ள இளைஞனின் இரத்தமும் அந்தக் குப்பியில் அப்படியே தோன்றும்.

இக்கருத்துக்குப் புலமை வடிவம் தந்தது, மதீனாவின் தைபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட தைபா கோட்பாடு. ஹிஜாமாவின் கீறல்கள் சிறுநீரகத்தின் வடிகட்டியைப்போல் இயங்கி நோய்க்காரணிகளை வெளியேற்றுகின்றன என்பது அதன் சாரம். ஒப்புமை அழகானது, அளவுதான் இடிக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, வேண்டியவற்றை மீட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. மாதம் ஒருமுறை சில குப்பிகளில் எடுக்கும் சிறிதளவு இரத்தம் அப்பணியில் எத்தனை நொடிக்கு ஈடாகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். வெளியேறும் இரத்தத்தோடு கழிவும் சிறிது போகும். இரும்புச்சத்தும் சிவப்பணுவும் கூடவே போகும். அவற்றைப் பிரித்து மீட்கும் ஏற்பாடு குப்பியில் இல்லை.

நம்மை வியப்பில் ஆழ்த்துவது வேறொன்று. இரத்தச் சுற்றோட்டத்தின் ஒரு பாதியை முதன்முதலில் எழுதி வைத்தவர் நம் மரபைச் சேர்ந்தவர். 1288இல் கெய்ரோவில் மறைந்த இப்னுந் நஃபீஸ், மருத்துவர், ஷாஃபிஈ ஃபகீஹும்கூட. இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் இடைச்சுவரின் துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்ற ஜாலீனூஸின் கருத்தை மறுத்து, அது நுரையீரல் வழியாகவே செல்கிறது என இப்னு ஸீனாவின் உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய உரையில் அவர் நிறுவினார். அவ்வுரையின் கையெழுத்துப் படியை 1924இல் முஹ்யித்தீன் அத்ததாவீ என்னும் எகிப்திய மருத்துவர் ஜெர்மனியில் கண்டெடுத்து உலகுக்கு அறிவித்தார். முழுச் சுற்றோட்டத்தை ஹார்வி 1628இல் நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை மால்பீகி 1661இல் கண்டார். இரத்தம் கல்லீரலில் உண்டாகி உறுப்புகளில் தீர்ந்துபோகிறது என்பதே இப்னுல் கையிம் காலத்து மருத்துவர்களின் பொதுக் கொள்கை. தேங்குதல், பொங்குதல் என்ற சொற்கள் அக்கொள்கைக்குள் பொருள் உடையவை. இப்னுந் நஃபீஸின் பெருமையை மேடையில் முழங்கிவிட்டு, அவர் தகர்க்கத் தொடங்கிய அதே உடலியலை அடுத்த நூலில் நவீன அறிவியல் என்று அச்சிடுவது முரணல்லவா?

அப்படியாயின் குப்பி இரத்த ஓட்டத்தில் எதுவுமே செய்வதில்லையா? செய்கிறது. குப்பிக்குள் காற்றழுத்தம் குறையும்போது தோல் மேலெழும்புகிறது. அவ்விடத்து நுண்குழாய்கள் விரிகின்றன. சில வெடித்துக் குருதி தோலுக்கடியில் கசிகிறது. அவ்விடத்தில் ஓட்டம் சிறிது நேரம் மிகுகிறது. இது ஓரிடத்து விளைவு. சற்று நேரத்து விளைவு. இவ்வளவே உறுதி. அடைபட்ட இதயக் குழாயை அது திறக்கும் என்பதற்குச் சான்றில்லை.

அழற்சியும் ஆய்வுகளும்

அழற்சி பற்றிய கூற்றில் இன்னும் நுட்பமான பிழை இருக்கிறது. சிவத்தல், வெப்பம், வீக்கம், நோவு ஆகியவை அழற்சியின் நான்கு பழைய அடையாளங்கள். குப்பி வைத்துக் கீறிய இடத்தைப் பாருங்கள். நான்கும் அங்கே இருக்கும். ஹிஜாமா முதலில் சிறு அழற்சியை உண்டாக்கவே செய்கிறது. அதற்குப் பின் உடல் செய்யும் சீரமைப்பிலேயே ஆய்வாளர் சிலர் பயனைத் தேடுகிறார்கள். கசிந்த குருதியின் ஹீம் பொருளை, ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்னும் நொதி உடைக்கிறது. பிலிவெர்டினும் பின்னர் பிலிருபினும் உண்டாகின்றன. கன்றிய இடம் நீலம், பச்சை, மஞ்சள் என நிறம் மாறுவது இதனால்தான். இப்பொருள்களுக்கு அழற்சியைத் தணிக்கும் இயல்பு உண்டு. ஆகவே ஹிஜாமாவின் பயன் இவ்வழியே வரலாம் என்பது ஒரு கருதுகோள். கருதுகோளைச் சிந்திக்கலாம், நிரூபணம் என்று அட்டையில் அச்சிடலாகாது.

நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 135 சோதனைகளை எடுத்துக்கொண்டது. அக்கிப்புண், முகவாதம், கழுத்தெலும்புத் தேய்வு போன்றவற்றில் பிற சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் பயன் இருக்கலாம் என்றது. அச்சோதனைகளுள் பெரும்பாலானவை ஒருதலைச் சாய்வுக்கு மிகவும் இடமளிப்பவை என்பதையும் அதே ஆய்வு ஒப்புக்கொண்டது. 2016இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் உடல் முழுதும் நோவுடைய ஃபைப்ரோமயால்ஜியா நோயாளர் 141 பேரிடம், கீறாமல் குப்பி மட்டும் வைக்கும் முறையை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு மெய்யான குப்பி. ஒரு பிரிவுக்கு அழுத்தம் நில்லாதபடி துளையிட்ட போலிக் குப்பி. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். குப்பி வைத்தவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சற்று நலம் கண்டார்கள்; ஆனால் போலிக் குப்பி வைத்தவர்களைவிட மேலாக நலம் காணவில்லை. நோவு தணிவதில் எதிர்பார்ப்புக்கும் கவனிப்புக்கும் பங்குண்டு என்பதே இதன் பாடம்.

கருதத்தக்க ஓர் ஒற்றுமை இங்கே இருக்கிறது. நபியவர்கள் ஹிஜாமாவை நாடிய தருணங்கள் மிகுதியும் நோவு சார்ந்தவை. இன்றைய ஆய்வுகளில் ஹிஜாமாவுக்கு ஓரளவேனும் சாதகமான குறிப்புகள் மிகுதியும் கிடைப்பதும் நோவைப் பற்றியே. நபிமொழியை அதன் எல்லைக்குள் வைத்துப் படித்திருந்தால் நம் ஆசிரியர்கள் உண்மைக்கு எவ்வளவோ அருகில் நின்றிருப்பார்கள். நபிமொழி சொல்லாததைச் சொல்லப் புகுந்ததாலேயே அறிவியலிலும் வழுக்கினார்கள்.

ஒப்பிட்டுச் சோதிப்பது நமக்கு அயலான முறையென்று யாரும் கருத வேண்டாம். கி.பி. 925 அளவில் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ, ஸிர்ஸாம் என்னும் மூளைக் காய்ச்சலின் முன்குறி கண்ட நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு இரத்தம் எடுத்து, மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு ஒப்பிட்டதை 'அல்ஹாவீ'யில் குறிக்கிறார். அவர் இரத்தம் எடுப்பதே நன்று என்ற முடிவுக்கு வந்தார். இன்றைய மருத்துவம் அம்முடிவை ஏற்காது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியை அவர் சரியாகக் கேட்டார். அமெரிக்காவில் 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டனின் இறுதி நாளில் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் இரத்தம் எடுத்த வழக்கத்தை, 1835இல் பாரிஸின் பியர் லூயி எண்ணிக்கை முறையால் கேள்விக்கு உள்ளாக்கும் வரை, அக்கேள்வி பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது.

விடுபட்ட அத்தியாயம்

இந்நூல்களில் உள்ளவற்றைவிட விடுபட்டதே எம்மை அதிகம் கவலைக்கு உள்ளாக்குகிறது. மருத்துவம் அறிந்தவரென அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால் விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் வருகிறது. அதை அடியாகக் கொண்டு ஃபுகஹாக்கள் ளமான் என்னும் ஈட்டுப் பொறுப்பை விரித்தெழுதினார்கள். சந்தைக் கண்காணிப்புக்காக ஷைஸரீயும் இப்னுல் உகுவ்வாவும் எழுதிய ஹிஸ்பா நூல்களில் இரத்தம் எடுப்போருக்கும் ஹிஜாமா செய்வோருக்கும் தனி அத்தியாயமே உண்டு. நரம்பைத் திறக்கக் கற்பவன் முதலில் கீரை இலையின் நரம்புகளில் பழக வேண்டும். சிறுவர்க்குக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குச் செய்யலாகாது என்றெல்லாம் அங்கே கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஸஹ்ராவீ தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் கொம்பாலும் மரத்தாலும் செம்பாலும் கண்ணாடியாலும் ஆன குப்பிகளை விவரித்தபோது, அறுவைக் கலையின் ஒரு பகுதியாகவே அவற்றை வைத்தார். இரண்டு நாள் பயிற்சியில் சான்றிதழ் வழங்குவோர் இவற்றை வாசிக்க வேண்டும்.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹிஜாமா செய்பவரின் வருவாயை இழிவாகக் குறிக்கும் அறிவிப்பும் உண்டு. தமக்கு ஹிஜாமா செய்த அபூதைபா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் தானியம் அளந்து கொடுக்கச் செய்து, அவர் செலுத்த வேண்டிய வரியைக் குறைக்கும்படி உரியவர்களிடம் பேசிய அறிவிப்பும் உண்டு. இரண்டையும் இணைத்து, கூலி ஹராமன்று, ஆயினும் பேணுதலுக்கு உரியது எனப் பெரும்பாலோர் முடிவு செய்தார்கள். புள்ளிக்கு இவ்வளவு என விலை வைத்து, சுன்னத் என்ற பெயரில் முகாமுக்கு அழைப்பவர்கள், இவ்வறிவிப்புகளில் ஒன்றையேனும் தம் விளம்பரத்தில் சேர்ப்பார்களா?

இத்தனைக்கும் பின், ஹிஜாமாவை நாடுபவர் என்ன செய்ய வேண்டும்? யூனானி மருத்துவத்தில் இது 'இலாஜ் பித்தத்பீர்' என்னும் பிரிவில் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. சென்னையிலேயே அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொம்பு கட்டலும் குருதி வாங்கலும் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளிலும் உள்ளவை. இம்மண்ணுக்குப் புதியவை அல்ல. பதிவு பெற்ற மருத்துவரிடம், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கருவிகளோடு செய்துகொள்ளட்டும். இரத்தசோகை உள்ளோர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், கருவுற்றோர், கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளோர் விலகியிருக்கட்டும். தூய்மையற்ற கத்தியால் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும் என்பதை மறவாதிருக்கட்டும். உண்டுவரும் மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியதும் அதே நபிமொழித் தொகுப்புகள்தாம்.

மருத்துவமனைப் படுக்கையில் கேட்கப்பட்ட கேள்விக்கு நாம் அன்று கூறிய விடை இதுவே: "உங்கள் ஈமானில் குறையில்லை, ஹதீஸிலும் குறையில்லை. ஹதீஸ் சொல்லாத ஒன்றை ஹதீஸின் பெயரால் யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள்." நபியவர்கள் சொல்லாததை அவர்கள்மீது ஏற்றிச் சொல்வதன் கடுமையை மத்ரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். அறிவிப்பாளர் வரிசையில் ஒரு பெயர் ஐயத்துக்குரியதானால் அறிவிப்பையே நிறுத்திவைத்த மரபு நம்முடையது. அந்தக் கண்டிப்பில் ஒரு பங்கையேனும் அறிவியல் அத்தியாயத்துக்கும் காட்டும் ஒரு ஹிஜாமா நூல் தமிழில் வருமானால், அதை எம் மாணவர்களுக்கு நாமே வாங்கிக் கொடுப்போம். அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.